பால்டர்ஸ் கேட்: கோப்பை நகலெடுத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினி விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஆடுவது பற்றித் தங்கள் தொழில்நுட்ப இணைப்பில் வந்த கட்டுரையில், ‘பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தின் கோப்புகளை இரண்டாம் பாகத்தின் ஃபோல்டரில் போட்டால் போதும், பழைய கதையைப் புதிய எஞ்சினில் ஆடலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அப்படி ஆட முடியும் என்பது உண்மை, ஆனால் வழி அதுவல்ல. அந்த வரியை நம்பி, எஞ்சின் முதலில் பார்க்கும் ஓவர்ரைடு ஃபோல்டரில் கோப்புகளைக் கொட்டுகிறவர்களுக்கு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் பாகமும் கெட்டுப்போகும்.

பயோவேர் நிறுவனம் உருவாக்கிய முதல் பாகம் 1998 டிசம்பரிலும் இரண்டாம் பாகம் 2000 செப்டம்பரிலும் வெளிவந்தன. இரண்டுக்கும் அடியில் இருந்து ஆட்டத்தை இயக்கும் மென்பொருள் இன்ஃபினிட்டி எஞ்சின்தான். முதல் பாகம் 640×480 திரையோடு நின்றுவிட்டது. டேப் விசையை அழுத்தினால் கதவும் பெட்டியும் ஒளிரும் வசதி அதில் இல்லை. கிட் எனப்படும் பாத்திர வகுப்பு உட்பிரிவுகள், சார்சரர், மாங்க், பார்பேரியன் என்ற பாத்திர வகுப்புகள், இரு கையிலும் ஆயுதம் ஏந்துவது எல்லாம் இரண்டாம் பாகத்தில் வந்தவை. ஃபயர்வைன் இடிபாடுகளின் ஒற்றையாள் சந்துகளில் நம் குழுவின் ஆறு பேரும் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நின்ற அவதியை அனுபவித்தவர்கள், பழைய கதையைப் புதிய எஞ்சினில் ஆட ஆசைப்படுவதில் வியப்பில்லை.

நகலெடுத்தால் ஏன் கெடுகிறது? இந்த எஞ்சினில் ஒவ்வொரு இடத்துக்கும் பொருளுக்கும் அதிகபட்சம் எட்டு எழுத்தில் ஒரு பெயர் உண்டு. இரண்டு பாகமும் ஒரே பெயர்களை வேறு வேறு இடங்களுக்கு வைத்திருக்கின்றன. ‘ஏஆர்0700’ என்பது முதல் பாகத்தில் பால்டர்ஸ் கேட் நகரின் ஒரு பகுதி. இரண்டாம் பாகத்தில் அதே பெயர், நிலவறையிலிருந்து தப்பி வெளியே வந்ததும் நாம் நிற்கும் வாக்கீன்ஸ் ப்ராமெனேட் சந்தைக்கு. பழைய கோப்பை ஓவர்ரைடில் போட்டால் எஞ்சின் அதைத்தான் முதலில் எடுக்கும். சந்தை காணாமல் போய் அந்த இடத்தில் வேறொரு ஊர் நிற்கும்.

இரண்டாவது சிக்கல் எழுத்தில் இருக்கிறது. வாளின் பெயரோ ஒருவர் பேசும் வசனமோ அந்தந்தக் கோப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஓர் எண் மட்டுமே இருக்கும், வாசகம் டயலாக்.டிஎல்கே என்ற ஒரே பெரிய கோப்பில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும். இரண்டு பாகத்துக்கும் டிஎல்கே தனித்தனி. பழைய வாளைப் புதிய பாகத்தில் அப்படியே வைத்தால், வாளின் பெயர் வரவேண்டிய இடத்தில் யாரோ ஒரு வியாபாரி பேசிய வசனம் தெரியும். ஆகவே பழைய வாசகங்களைப் புதிய டிஎல்கேயின் கடைசியில் சேர்த்து, ஆயிரக்கணக்கான கோப்புகளில் உள்ள எண்களை எல்லாம் மாற்றி எழுத வேண்டும். இதைக் கையால் செய்ய முடியாது.

இந்த வேலையை ரசிகர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். மாட் எனப்படும் ரசிகர் மாற்றங்களை விளையாட்டில் ஏற்றும் வெய்டு என்ற கருவிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதைக்கொண்டு உருவானவற்றில் டூட்டு, முதல் பாகத்தை மட்டும் தனியாக எடுத்துப் புதிய எஞ்சினில் வைத்தது. பால்டர்ஸ் கேட் ட்ரிலஜி இரண்டையும் ஒரே தொடராகக் கோத்தது. 2012 நவம்பரில் வந்த என்ஹான்ஸ்டு எடிஷனும் முதல் பாகத்தின் கதையை இரண்டாம் பாகத்தின் வழிவந்த எஞ்சினில் ஓட்டுவதுதான். எனவே முதல் பாகத்தை மட்டும் ஒருமுறை ஆடிப் பார்க்க நினைக்கும் வாசகர் அந்தப் பதிப்பை வாங்கி நிறுவினால் வேலை முடிந்தது, மேலே படிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் பாகம் தொடங்கும் கேண்டில்கீப்பிலிருந்து அதே ஆளை ஒரே சேவ் வரிசையில் கடைசி வரை கொண்டுபோக விரும்புகிறவர்களுக்குத்தான் என்ஹான்ஸ்டு எடிஷன் ட்ரிலஜி என்ற மாட். ஆடுகிறவர்கள் ‘ஈஈடி’ என்பார்கள்.

அதை நிறுவுவதில் வரிசைதான் எல்லாம். இரண்டு பாகங்களின் என்ஹான்ஸ்டு எடிஷனும் சொந்தமாக வாங்கியவையாக இருக்க வேண்டும். 2016இல் வந்த சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியரும் வேண்டும், முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் நிற்கும் பாலம் அதுதான். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவாதீர்கள். விண்டோஸ் அங்கே கோப்புகளை மாற்ற விடாமல் தடுக்கும், பாதி மாறி பாதி மாறாமல் நிற்கும். டி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போதும். ஃபோல்டர் பெயர்களில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், தமிழில் பெயர் வைக்கும் ஆசையை இந்த ஓர் இடத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். வட்டில் தாராளமாக இடம் காலியாக வைத்திருங்கள்.

இரண்டையும் ஒருமுறை திறந்து முதல் பட்டி வரை போய் மூடுங்கள். அமைப்புகளைச் சேமிக்கும் பால்டர்.லுவா கோப்பு அப்போதுதான் உருவாகும். அடுத்து, நீங்கள் வாங்கிய இணையக் கடையான ஸ்டீமிலோ ஜிஓஜியிலோ தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். ஃபோல்டரை வேறிடத்துக்கு நகலெடுத்து அதில் வேலை செய்வது இன்னும் நல்லது. மாட் போட்ட பிறகு ஓர் அப்டேட் வந்து விழுந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

பலர் இடறுவது அடுத்த படியில். அந்த இரு கடைகளிலும் வாங்கிய டிராகன்ஸ்பியர், சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் (zip) கோப்பாக இருக்கும். விளையாட்டு அதைப் படித்துவிடும், வெய்டுவுக்குப் படிக்கத் தெரியாது. டிஎல்சி மெர்ஜர் என்ற சிறு மாடை முதல் பாகத்தின் ஃபோல்டரில் போட்டு ஓட்டினால், ஜிப்பில் இருப்பதை அவிழ்த்து முதன்மைக் கோப்புகளோடு சேர்த்துவிடும். இதைச் செய்யாமல் ஈஈடியை ஓட்டினால் டிராகன்ஸ்பியர் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். ஈஈடியே பழுது என்று பலர் புலம்புவது இந்த இடத்தில்தான்.

முதல் பாகத்துக்கென்றே உள்ள மாட்கள், உதாரணமாகத் துணைவர்களுக்குக் கூடுதல் பேச்சு சேர்க்கும் என்பிசி ப்ராஜெக்ட், இந்தக் கட்டத்தில் முதல் பாகத்தின் ஃபோல்டரில் நிறுவப்பட வேண்டும். பிறகு ஈஈடியை இரண்டாம் பாகத்தின் ஃபோல்டரில் வைத்து அதன் செட்டப்பை ஓட்டினால், முதல் பாகம் எங்கே இருக்கிறது என்று கேட்கும். பாதையைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பாருங்கள், கணினியைப் பொறுத்து நேரம் எடுக்கும். கறுப்புத் திரை நகராமல் நிற்பதுபோல் தெரிந்தாலும் மூடாதீர்கள். முடிந்ததும் முதல் பாகத்தின் இடங்கள் ‘பிஜி’ என்ற முன்னொட்டோடு வந்திருக்கும். மேலே சொன்ன ஏஆர்0700, பிஜி0700 ஆகிவிடும், சந்தைக்கு ஆபத்தில்லை. இரண்டாம் பாகத்தின் மாட்களை அதன் பிறகு நிறுவி, எல்லாவற்றுக்கும் கடைசியாக ‘ஈஈடி எண்ட்’ என்பதை ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு மாட் நினைவுக்கு வந்தால், முதலில் ஈஈடி எண்டை நீக்கி, மாடை நிறுவி, மறுபடி எண்டை ஓட்ட வேண்டும்.

வெய்டு.லாக் கோப்பைத் திறந்தால் எது எந்த வரிசையில் ஏறியது என்று தெரியும். நடுவில் உள்ள ஒன்றை நீக்கச் சொன்னால் வெய்டு அதற்குப் பின் ஏறிய அனைத்தையும் நீக்கித் திரும்ப ஏற்றும், அடுக்கிய பாத்திரங்களில் நடுப்பாத்திரத்தை உருவுவது போல. மாட் செட்டப் கோப்புகளை வைரஸ் என்று தடுக்கும் ஆன்ட்டிவைரஸும் உண்டு. மாட் எழுதியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கியது என்று உறுதியானால் மட்டும், அந்த ஒரு ஃபோல்டருக்கு விலக்கு கொடுங்கள். வேறு எங்கோ இருந்து எடுத்ததென்றால் ஆன்ட்டிவைரஸ் சொல்வதைக் கேளுங்கள்.

பழைய குறுந்தகடுகளை இன்னும் வைத்திருப்பவர்கள் டூட்டுவையோ பழைய ட்ரிலஜியையோ பயன்படுத்தலாம். இரண்டு பாகத்தையும் விரிவாக்கத்தோடு முழு நிறுவலாகப் போட வேண்டும், கோப்புகளைத் தகட்டிலேயே விட்டுவைக்கும் சிறு நிறுவல் உதவாது. முதல் பாகத்தின் விரிவாக்கமான டேல்ஸ் ஆஃப் த ஸ்வார்டு கோஸ்டுக்கு 5512, இரண்டாம் பாகத்தின் விரிவாக்கமான த்ரோன் ஆஃப் பாலுக்கு 26498 ஆகிய பேட்ச்களும் முதலில் ஏற வேண்டும்.

நிறுவலை விட முக்கியமான ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. எஞ்சின் மாறினால் படம் மட்டும் மாறுவதில்லை, விதியும் சேர்ந்து மாறுகிறது. முதல் பாகத்தின் சண்டைகள் பழைய விதிக்கு அளந்து வைக்கப்பட்டவை.

ஆயுதப் பயிற்சியைப் பாருங்கள். முதல் பாகத்தில் ‘பெரிய வாள்’ என்று ஒரே பிரிவு. அதில் ஒரு புள்ளி போட்டால் நீள்வாள், இரு கை வாள் எல்லாம் கைவசம். புதிய எஞ்சினில் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி. முதல் பாகத்தின் மூல உலகில் கட்டானாவே கிடையாது என்பது தெரியாமல் அதில் புள்ளிகளைக் கொட்டியவர், கிடைத்த வாளைத் தூக்கிக்கொண்டு தடுமாறுவார். இரு கையிலும் ஆயுதம் பிடிப்பதும் அப்படித்தான். அதற்கான பயிற்சிப் புள்ளி இல்லாவிட்டால் முதன்மைக் கைக்கு 4, மறு கைக்கு 8 என்று தாக்குதலில் தண்டம். முதல் நிலையில் எல்லோருக்கும் தாக்கோ 20. தாக்கோ என்பது குறி தவறாமையின் எண், குறையக் குறைய நல்லது. தண்டத்தோடு 24, 28 என்று போனால் கோபால்டு என்ற சிறு அற்ப அரக்கனைக்கூட வெட்டுவது கடினம். இரண்டு புள்ளி போட்டால் முதன்மைக் கையின் தண்டம் போய்விடும், மறு கைக்கு 4 மட்டும் மிஞ்சும்.

மறுபக்கம், சில கிட்கள் ஆட்டத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். முதல் பாகம் வில்லுக்குச் சாதகமான உலகம். அதில் மூன்று நிலைக்கு ஒருமுறை குறியும் சேதமும் கூடும் ஆர்ச்சரை இறக்கினால் எதிரி பக்கத்தில் வருவதற்குள் கதை முடிந்துவிடும். சார்சரர் முதல் நிலையிலேயே நாளுக்கு மூன்று மந்திரம் போடுவார், சாதாரண மந்திரவாதிக்கு ஒன்றுதான். அதில் ஸ்லீப் என்ற தூக்க மந்திரம் இருந்தால் தொடக்கத்துச் சண்டைகளில் பாதி தூக்கத்திலேயே முடியும். ஃபைண்டு ஃபெமிலியர் என்ற மந்திரம் கொண்டுவரும் துணைப் பிராணி தன் உயிர்ப்புள்ளியில் பாதியை எஜமானருக்குச் சேர்க்கிறது. 4 புள்ளியோடு நடுங்கிக்கொண்டு வெளியே வரும் மந்திரவாதிக்கு அது பெரிய சொத்து, ஆனால் பிராணி செத்தால் உடல்வலுவில் ஒரு புள்ளி நிரந்தரமாகப் போகும். எல்லாக் கிட்டும் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். கவசம் போட முடியாத கென்சாய், நாஷ்கெல் சுரங்கத்தில் தீயம்பு விடும் கோபால்டுகளிடம் படும் பாடு சொல்லி மாளாது.

இறுக்கமான பக்கமும் உண்டு. பழைய எஞ்சினில் மான்ஸ்டர் சம்மனிங் கோலைச் சுழற்றித் திரை நிறையப் பிராணிகளை இறக்கிவிடலாம். புதியதில் ஒரே நேரத்தில் ஐந்துதான். அந்தக் கோலை நம்பியே கடைசிச் சண்டையை ஜெயித்தவர்கள் வேறு வழி தேட வேண்டும்.

அனுபவப் புள்ளி இன்னொரு ஓட்டை. பூட்டைத் திறந்தாலும் பொறியை நீக்கினாலும் சுருளிலிருந்து மந்திரம் கற்றாலும் புள்ளி தருவது இரண்டாம் பாகத்தின் பழக்கம். மந்திரவாதி இரண்டாம் நிலைக்குப் போக 2,500 புள்ளியே போதும் என்கிற உலகில், கடையில் சுருள் வாங்கிப் படித்தே நிலை ஏறலாம் என்றால் சண்டை எதற்கு? எக்ஸ்பிபோனஸ்.2டிஏ அட்டவணையில் இந்த எண்கள் இருக்கின்றன. ட்வீக்ஸ் ஆந்தாலஜி என்ற மாடில் இவற்றைக் குறைக்கவும் நீக்கவும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. மொத்த உச்சவரம்பும் அப்படியே: முதல் பாகத்துக்கு 89,000, விரிவாக்கத்தோடு 161,000. இரண்டாம் பாகத்தில் அது 29,50,000. 161,000இல் போர்வீரர் எட்டாம் நிலையோடு நிற்பார், திருடர் பத்தோடு. எக்ஸ்பிகேப்.2டிஏவில் பழைய வரம்பை வைத்து முதல் பாகத்தை ஆடுவதே முறை என்பது என் கருத்து. வரம்பில்லாமல் போனால் நகரத்துக்குள் நுழையும்போதே எதிரிகளுக்கு மேலே நிற்பீர்கள்.

இவை எல்லாவற்றையும் புதிய ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒருமுறை கால் வைத்த இடத்தின் நிலை சேவ் கோப்புக்குள் போய்விடும். பிறகு மாட் போட்டால் அந்த இடத்துக்கு அது எட்டாது. வசனங்களின் எண்களும் சேவில் பதிந்திருப்பதால், நடுவில் மாட் வரிசையைக் கலைத்தால் ஆட்களின் பெயரும் நாட்குறிப்பும் வேறு எழுத்தாக மாறி நிற்கும்.

தொடராக ஆடுவோருக்குக் கடைசியாக ஒன்று. ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்தில் உங்களை வேலையாள் என்று நினைத்து ஒரு பிரபு துவைக்கக் கொடுக்கும் தங்கக் காற்சட்டையைக் கடையில் தள்ளிவிடாதீர்கள். அதன் ஜோடிகள் அடுத்த பாகத்திலும் அதன் விரிவாக்கத்திலும் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்