கையெழுத்துப் போட்டது யார்?

போடிநாயக்கனூர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்பதில் மகிழ்ச்சி. பேரன் முழு நேரமும் உன் பொறுப்பில் என்பதில் கொஞ்சம் அனுதாபம். இங்கே முழங்கால் வலியைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை.

உங்கள் வாசகியர் வட்டத்தின் மகளிர் தினக் கூட்டத்தில், மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 2015இல் நடத்திய போராட்டத்தைப் பற்றி நான் வந்து பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு, அது ஒன்பது நாள் பற்றி எரிந்து அடங்கிய வைக்கோற்போர்தானே, தலைமையும் கொள்கையும் இல்லாத எழுச்சி வேறெப்படி முடியும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். இந்தக் கடிதம் அந்த வரிக்கான பதில்.

எங்கள் ஊருக்கு மூணாறு அயலூர் அல்ல என்பது உனக்குத் தெரியும். மலையில் விளைந்த தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகக் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாகத்தான் வெளியுலகுக்குப் போனது. அந்தத் தேயிலையைப் பறிக்க, தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் அழைத்துச் சென்ற குடும்பங்களும் திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைச் சீமைகளிலிருந்து போனவைதான். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மூன்று நான்கு தலைமுறைகளாகக் கேரளத்தில் வாழ்ந்தும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தீபாவளிக்கு முன் அந்தப் பெண்கள் எங்கள் கடைத்தெருவுக்குத் துணி எடுக்க வருவார்கள். வளையல் கடையில் கையை நீட்டும்போது பார்த்தால், கொழுந்தின் கறை விரல் நுனிகளில் கருத்து, ரேகைகளுக்குள் ஏறியிருக்கும். எந்தச் சோப்புக்கும் அது போகாது.

2015 செப்டம்பரில் நடந்தது இதுதான். அந்த ஆண்டுக்கான போனஸ் பத்து சதவீதம் என்று கண்ணன் தேவன் தோட்டக் கம்பெனி அறிவித்தது. பெண்கள் கேட்டது இருபது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்க வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. 2005இல் டாடா டீயிடமிருந்து தோட்டங்கள் இந்தக் கம்பெனிக்குக் கைமாறியபோது தொழிலாளர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை நீ கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் முதலாளியாகவும் மலைச்சரிவில் கூலியாகவும் இருந்த பெண்கள், பங்குதாரர் என்ற பட்டம் கஞ்சிப் பானையை எட்டிப் பார்க்கவே இல்லையே என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவர்கள் கோபம் கம்பெனியோடு நின்றிருந்தால் இது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். அவர்கள் முதலில் திரும்பியது தங்கள் சங்கங்களின் பக்கம். காங்கிரஸ் சார்பான ஐ.என்.டி.யு.சி., மார்க்சிஸ்ட் கட்சி சார்பான சி.ஐ.டி.யு., இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்பான ஏ.ஐ.டி.யு.சி. என்று அங்கே மூன்று பெரிய சங்கங்கள்; மாதாமாதம் சந்தா கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்; பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள் ஆண்கள். அந்தத் தலைவர்கள் நிர்வாகத்திடம் சலுகை பெற்று வாழ்கிறார்கள் என்று பெண்கள் நடுச்சாலையில் நின்று குற்றம் சாட்டினார்கள். நாங்கள் தேயிலைச் சாக்கைச் சுமக்கிறோம், நீங்கள் பணச் சாக்கைச் சுமக்கிறீர்கள். நாங்கள் லயம் என்னும் கம்பெனி வரிசை வீட்டில் கிடக்கிறோம், நீங்கள் பங்களாவில் இருக்கிறீர்கள் என்ற பொருளில் அவர்கள் கட்டிய முழக்கங்களை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கும்மியும் குலவையும் தெரிந்தவர்களுக்கு முழக்கம் கட்ட வாத்தியார் எதற்கு? உங்கள் வட்டத்தில் பெண் கவிதை பற்றி நடக்கும் விவாதங்களில் இந்த முழக்கங்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்பேன்.

தங்களைப் 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று அழைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் கொச்சி-தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மூணாறில் மறித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் போராட்டத்துக்குள் வர வேண்டாம் என்றார்கள். குடித்துவிட்டு ஒருவன் கல்லெறிந்தால் போதும், எல்லாம் கெட்டுவிடும் என்ற கணக்கு அது. கட்சிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து விரட்டப்பட்டார்கள். அப்போது கேரள எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அச்சுதானந்தன் ஒருவரைத்தான் அவர்கள் நடுவில் உட்கார விட்டார்கள். பின்னால் தமிழ்த் தீவிரவாதிகள் இருந்து தூண்டிவிடுகிறார்கள் என்று சிலர் சொன்னதும் அப்போதுதான். தன் வயிற்றுக்காக ஒரு பெண் தானாக எழுந்திருக்க முடியும் என்பதை நம்புவதைவிட, மறைவில் ஓர் ஆண் இருக்கிறான் என்று நம்புவது பலருக்கு எளிதாக இருக்கிறது. சாலை மறியல் என்றதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. 1999இல் கூலி கேட்டு நெல்லைக்கு ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களோடு வந்தவர்களுமாகப் பதினேழு பேர் போலீஸ் தடியடியில் தாமிரபரணிக் கரையில் மாண்டது நினைவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

முதலமைச்சர் உம்மன் சாண்டி தலையிட்ட பிறகு, செப்டம்பர் 13ஆம் தேதி 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று கூட்டி இருபது சதவீதத்துக்குக் கம்பெனி இணங்கியது. நீ இதை வெற்றி என்று எழுதி, அடுத்த வரியில் வைக்கோற்போருக்குப் போய்விடுகிறாய். இடையில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போனஸ் முடிந்து கூலிப் பேச்சு தொடங்கியதும், அது தோட்டத் தொழிலாளர் குழு என்ற முத்தரப்பு அமைப்பின் மேசைக்குப் போய்விட்டது. அரசும் முதலாளிகளும் பதிவு பெற்ற சங்கங்களும் உட்காரும் மேசை அது. சாலையில் உட்கார்ந்த பெண்களுக்கு அங்கே முறையான நாற்காலி கிடையாது. எந்தத் தலைவர்களை நம்பவில்லை என்று சொன்னார்களோ, அந்தத் தலைவர்களே அவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். 500 கேட்ட இடத்தில் அக்டோபரில் முடிவானது 301 ரூபாய். கூலியைக் கூட்டுவதானால் பறிக்கும் கொழுந்தின் எடையையும் கூட்ட வேண்டும் என்ற பேச்சும் கூடவே வந்தது. கொடுத்த கையால் எடுத்துக்கொள்வது என்பது இதுதான்.

ஆகவே, தலைமை இல்லாததால் தோற்றார்கள் என்று நீ சொல்வதை நான் ஏற்கவில்லை. லிஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் என்று தலைமைக்கு முகங்கள் இருந்தன. அவர்களிடம் இல்லாதது கையெழுத்துப் போடும் உரிமை. அதைப் பெற வேண்டுமானால் பதிவு வேண்டும், அலுவலகம் வேண்டும், கணக்கு வேண்டும், நாள் கூலியை விட்டுவிட்டு எர்ணாகுளத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலையும் வசதி வேண்டும். காலையில் சங்கு ஊதியதும் மலையேறி, மாலையில் எடை போட்டு இறங்கி, அதன் பிறகு விறகும் தண்ணீரும் பார்க்கிறவளிடம் இவற்றில் எது இருக்கிறது?

பிறகு நடந்தவற்றை மூடி மறைக்க மாட்டேன். தலைவிகளுக்குள் பிளவு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கோமதி தேவிகுளம் ஒன்றியப் பஞ்சாயத்துக்கு வென்றார். 2016 சட்டமன்றத் தேர்தலில் நிறுத்திய வேட்பாளருக்கோ மிகச் சொற்ப வாக்குகள்தான் விழுந்தன. கோமதி இடையில் சி.ஐ.டி.யு.வில் சேர்ந்து பின்பு வெளியேறினார். பழைய சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டன. 2017இல் கேரள அமைச்சர் எம்.எம்.மணி இந்தப் பெண்களைக் குறித்துக் கேவலமாகப் பேசியபோது, நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மீண்டும் மூணாறில் உட்கார்ந்தார்கள். ஆனால் கூட்டம் பழைய கூட்டம் இல்லை.

லயத்தைப் பற்றியும் உன் வட்டத்தில் யாராவது பேச வேண்டும். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு சிறு திண்ணை, பக்கத்துக் குடும்பத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுவர். இப்படி வரிசையாகப் பல குடும்பங்கள். அது கம்பெனியின் வீடு. பணி ஓய்வு பெற்றால், வீட்டில் வேறொருவர் தோட்ட வேலையில் இருந்தாலொழிய, காலி செய்ய வேண்டும். அந்தக் கூரைக்காகவே படித்த பிள்ளையைக் கொழுந்துக்கு அனுப்பிய தாய்மார் உண்டு. ஆகவே அந்தப் பெண்களில் ஒரு பகுதியினர் கூலியிலிருந்து நிலத்துக்கு நகர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. தமக்கென்று ஒரு துண்டு மண் இருந்தால்தான் எந்தச் சங்கத்தையும் எந்த மேலாளரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச முடியும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆண்கள் நடத்திய சங்கங்கள் அரை நூற்றாண்டில் இந்தக் கோரிக்கையை இவ்வளவு அழுத்தமாக எடுத்ததில்லை என்பது என் எண்ணம்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. கிடைக்காமலே போன உடல்களையும் சேர்த்து எழுபது பேர். பலருடைய சொந்த பந்தங்கள் கயத்தாறு வட்டாரத்தில் இருந்ததால் அன்றைய அழுகை இந்தப் பக்கமும் கேட்டது. ஒரு வாரம் கழித்து முதலமைச்சர் பினராயி விஜயன் பார்வையிட வந்தபோது, தோட்டத் தொழிலாளர்களுக்கு நிலமும் வீடும் வேண்டும் என்று கேட்டுக் கோமதி சாலையில் இறங்கினார். போலீசார் அவரை அப்புறப்படுத்தினார்கள். அமைப்பு கரைந்த பிறகும் கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக நின்றாள் என்றால், அதை எந்தக் கணக்கில் எழுதுவாய்? தப்பிப் பிழைத்த குடும்பங்களில் சிலவற்றுக்குக் குற்றியாறில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மற்றப் பெருங்கூட்டம் இன்னும் லயத்தில்தான் இருக்கிறது.

கூட்டத்துக்கு நான் வருகிறேன்; ஆனால் பேச வரவில்லை, கேட்க வருகிறேன். அந்தச் சாலையில் உட்கார்ந்த பெண்களில் இருவரை அழைத்துவர முடியும் என்று நினைக்கிறேன். இரண்டு காரியங்களை மட்டும் நீ பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கூட்டத்தை மார்ச் 8ஆம் தேதியில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே; வேலை நாளானால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும், ஞாயிற்றுக்கிழமையாகப் பார். இரண்டு, பொன்னாடைக்கு எடுத்துவைத்திருக்கும் பணத்தைப் போக்குவரத்துச் செலவுக்குக் கொடு. மூணாறு போகும் கடைசிப் பேருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறுவதற்குள் அவர்கள் இங்கே திரும்பியிருக்க வேண்டும் என்பதால் காலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி