தாங்கி வேண்டாம் மச்சான்

ஒட்டுசுட்டான்,
புரட்டாதி.

அன்பின் மச்சானுக்கு,

கனடாவிலிருந்து உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்கு முழங்கால் காரணமில்லை, அது பழகிப் போச்சு. நீ கேட்ட கேள்விதான் காரணம். “ஊருக்கு இன்னொரு தண்ணீர்த்தாங்கி கட்டித் தாறம், அப்பாவின் பெயரைப் போடலாம், எவ்வளவு முடியும்?” என்று கேட்டிருந்தாய். ஓம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு எழுத மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் வீட்டுப் புதினம். எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வவுனியாவில் வேலை கிடைத்து, சனிக்கிழமைகளில் வந்து போகிறாள். உங்கள் வளவுப் பாலை மரம் நிற்கிறது. இந்த முறை பழம் அமோகம், குரங்குக்குப் போக மிச்சத்தைப் பெடியள் பொறுக்கினார்கள். வெயில்தான் தாங்க முடியவில்லை. குளத்தில் மாடுகள் நடுவில் நின்று மேய்கின்றன.

நான் இப்போது நீர்ப்பாவனையாளர் சங்கத்துச் செயலாளர். ஓய்வூதியம் எடுத்த வாத்தியாரைப் பிடித்துச் செயலாளராக்குவது ஊர் வழக்கம்தானே. கணக்குத் தெரியும், வேறு சோலியும் இல்லை. 130 வீடுகளுக்கு இணைப்பு. ஒரு குழாய்க்கிணறு, ஒரு மோட்டர், 12 அடி விட்டத்தில் ஒரு தாங்கி, வீதியோரமாக பிவிசி குழாய். போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது கிணறுகளைக் கலக்கி இறைத்து, சந்தியில் வைத்த கறுப்புத் தாங்கிக்குப் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி எப்போது வரும் என்று வாளியோடு காத்திருந்ததை நினைத்தால், இது பெரிய காரியம். இல்லை என்று சொல்லமாட்டேன். தண்ணீரில் சுண்ணாம்புக்கல் அதிகம், அது வேறு கதை. வற்றாப்பளை அம்மன் கோயிலில் உப்புத்தண்ணீரில் விளக்கெரியும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதே பக்தியோடு கேத்தலுக்குள் சுண்ணாம்பு ஏறும்.

நீ புளோரைட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய், தண்ணீரில் கரைந்து வந்து, கூடினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற உப்பு. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை போகலாம் என்கிறது. இலங்கைத் தரம் 1 மில்லிகிராம்தான். வெயில் நாட்டில் ஆட்கள் கூடத் தண்ணீர் குடிப்பார்கள், அதனால் இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். எங்கள் குழாய்க்கிணறு தப்பிவிட்டது. ஆனால் “நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம்” என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு விளங்கப்படுத்தித் தொண்டை வற்றிவிட்டது. கொதித்தால் கிருமி சாகும், புளோரைட்டு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

சித்திரையில் கணக்குப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 60 யூனிற் இறைக்கிறோம். வீடுகளின் மீற்றரைக் கூட்டினால் 34. மிச்சம் 26 யூனிற், அதாவது 26 ஆயிரம் லீற்றர், ஒவ்வொரு நாளும் எங்கேயோ போகிறது. கூட்டத்தில் இதைச் சொன்னால் ஆளுக்கு ஆள் பக்கத்து வீட்டைத்தான் பார்த்தார்கள். “மேட்டுப்பக்கம் தண்ணி ஏறுதில்லை, இன்னொரு தாங்கி வேணும்” என்ற கதையும் அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. அதுதான் கடல் கடந்து உன் காதுக்கு வந்திருக்கிறது.

நானும் மோட்டர் போடுகிற பெடியனும் ஒரு இரவு ஒரு வேலை செய்தோம். எல்லாரும் படுத்த பிறகு 12 மணிக்கு மோட்டரை நிற்பாட்டி, தாங்கிக்குள் கயிற்றில் ஒரு தடி விட்டு, தண்ணீர் நின்ற மட்டத்தில் கரிக்கோடு போட்டோம். 3 மணிக்குப் பார்த்தால் 9 அங்குலம் இறங்கியிருந்தது. 12 அடி விட்டத்துக்கு 9 அங்குலம் என்றால் 2,400 லீற்றர். மூன்று மணித்தியாலம், ஊரில் ஒரு குழாயும் திறக்கவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. இது ஒரு நாளைக்கு 19 ஆயிரம் லீற்றருக்கு மேல் வரும். களவு எடுத்தது பக்கத்து வீடு இல்லை, நிலம்.

அடுத்த இரவு ஓட்டை தேடப் போனோம். இதற்கு மெசின் இருக்கிறதாம். எங்களிடம் இருந்தது ஒரு அலவாங்கு, கிடங்கு கிண்டுகிற இரும்புக்கம்பி. அதன் ஒரு முனையை வால்வில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல குழாய் ஊமை. ஓட்டை கிட்ட வர ‘ஸ்ஸ்ஸ்’ என்று, சோறு வடிக்கிற சத்தம் போல ஒன்று கேட்கும். மதகடி வால்வில் அது கேட்டது. கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். மூலைவீட்டு ஆச்சியின் பொன்னாங்காணி!

அந்த மதகடியில் ஆவணி வெயிலிலும் பத்தடி நீளத்துக்குப் பச்சை. ஆச்சி இரண்டு வருசமாக அதில் கீரை பிடுங்கி விற்கிறார். நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். நிலத்தடி ஊற்று, பிள்ளையார் தந்தது என்று சொல்லி வந்தார், நாங்களும் தலையாட்டினோம். விடியக் கிண்டினால் இரண்டடிகூட ஆழமில்லை. குழாயின் பொருத்து விட்டுப்போய், அதற்கு யாரோ சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். போட்ட ஒப்பந்தக்காரரா, பிறகு திருத்தியவர்களா தெரியாது. மேலால் உழவு இயந்திரம் போகப் போக விட்டிருக்கும்.

தண்ணீர் போன கவலையை விட எனக்குப் பெரிய பயம் ஒன்று அந்தக் கிடங்கைப் பார்த்ததும் வந்தது. குழாய் கிடந்தது வாய்க்காலுக்குள். மாரியில் மேல்வீடுகளின் மலசலகூடக் குழி நிரம்பினால் வழிவது அந்த வாய்க்காலில்தான். குழாயில் அமுக்கம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கக்கும். கரண்ட் போய்த் தாங்கி வெறுமையானால், மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும்போது குழாய் உறிஞ்சத் தொடங்கும். அப்போது அதே ஓட்டையால் வாய்க்கால் உள்ளே வரும். போன தை மாதம் முன்பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு ஒரே கிழமையில் வயிற்றோட்டம் வந்ததை எல்லாரும் ஐஸ்பழத்தில் போட்டோம். ஐஸ்பழக்காரர் பாவம், அதன் பிறகு இந்தப் பக்கம் வருவதில்லை.

நீ எழுதியிருந்தாயே, உங்கள் ஒன்ராறியோவில் வாக்கர்டன் என்ற சின்ன ஊரில் 2000ஆம் ஆண்டு நடந்தது. பெருமழைக்கு மாட்டெரு கரைந்து ஊர்க் கிணற்றுக்குள் போய், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வருத்தம், ஏழு பேர் சாவு. குளோரின் ஒழுங்காகப் போடவில்லை, ஆனால் புத்தகத்தில் மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள் என்ற இடத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். வாசித்துவிட்டு நேரே மோட்டர் அறைக்குப் போய் எங்கள் புத்தகத்தை விரித்தேன். எல்லா நாளும் குளோரின் அளவு 0.5. எல்லா நாளும் அதே நீலப் பேனை. அதில் அடுத்த வெள்ளிக்கிழமை வரை எழுதி முடிந்திருந்தது!

பெடியனை ஏசவில்லை. நாங்கள் கொடுக்கிற சம்பளம் கூலிவேலைக்கு இரண்டு நாள் போனால் வந்துவிடும். குளோரின் பார்க்கிற மருந்துப் போத்தல் முடிந்து மூன்று மாதம், அதை வாங்கித் தராதது செயலாளர் ஐயா. “இல்லை என்று எழுதினா ஏசுவியள் எண்டுதான் சேர்” என்றான். இப்போது போத்தல் வாங்கிக் கொடுத்து, பார்க்காத நாளில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். இந்த மாதம் ஆறு கோடு. எனக்கு அந்தக் கோடுகளில் நம்பிக்கை இருக்கிறது.

“அங்கே ஏன் கழிவுக்கும் வீதியோரமாகக் குழாய் போடுவதில்லை, இங்கே எல்லா வீட்டுக்கும் இருக்கிறது” என்றும் கேட்டிருந்தாய். மச்சான், அந்தக் குழாய் சரிவில் ஓட வேண்டும். 100 அடிக்கு 1 அடி பள்ளம் என்று வை. எங்கள் ஊர் ஒரு கிலோமீற்றர் நீளம், மேட்டுப்பக்கத்துச் சின்ன ஏற்றத்தை விட்டால் நிலம் சாப்பாட்டுத் தட்டுப் போல மட்டம். தலைப்பில் தொடங்குகிற குழாய் கடைசி வீட்டுக்கு வரும்போது 10 மீற்றர் ஆழத்தில் கிடக்கும். எங்களுக்கு 20 அடியில் கருங்கல். இடையிடையே மோட்டர் வைத்து ஏற்றலாம், கரண்ட் காசு யார் கட்டுவது? அரை ஏக்கருக்கு ஒரு வீடு, மலசலகூடத்துக்கு ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர். அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கழிவு குழாய்க்குள் ஓடாது, குந்தியிருக்கும். நெருக்கமான பட்டினத்துக்கு அது சரி. எங்களுக்குக் குழிதான்.

ஆனால் குழி என்றால் கிண்டி மூடி மறந்துவிடுவது என்று நினைத்துவிட்டோம். மாரியில் கிணற்றுக் கட்டில் இருந்து எட்டித் தண்ணீர் அள்ளலாம் என்று சின்ன வயதில் எவ்வளவு சந்தோசப்பட்டோம், ஞாபகம் இருக்கா? கிணற்றுக்குள் தண்ணீர் மேலே வந்தால் குழிக்குள்ளும் மேலே வரும். இரண்டும் ஒரே தண்ணீர். சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்று நின்று அளக்கிறார். ஆனால் வேலிக்கு அங்கால் அடுத்த வீட்டுக் கிணறு இருப்பதை ஒருவரும் அளப்பதில்லை. வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. முன்பு வாளிக் கணக்கு, இப்போது திறந்துவிட்டால் சரி. அறையோடு சேர்ந்த குளியலறை கட்டி, குளிக்கிற தண்ணீரையும் அதே குழிக்கு விடுகிறார்கள். முன்பு அது வாழைக்குப் போனது. வாழையும் காய்கிறது, குழியும் நிரம்புகிறது.

நிரம்பினால் கலி பவுசர், குழி இறைக்கிற வண்டி, பிடிக்க வேண்டும். தூரத்தில் இருந்து வருவதால் கட்டணம் ஒரு மாத மளிகைச் செலவு. வந்து இறைத்துக்கொண்டு போவதை எங்கே ஊற்றுகிறார்கள் என்று ஒருநாள் சைக்கிளில் பின்னால் போய்ப் பார்த்தேன். காட்டோரம், குளத்துக்கு மேல்பக்கம். போன ஆளையோ அனுப்பியவர்களையோ இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்தக் குளத்தில்தான் நாங்கள் நீந்தப் பழகினோம்.

ஆகையால், தாங்கி வேண்டாம் மச்சான். உங்கள் காசு வந்தால் முதலில் தாங்கியடியில் ஒரு பெரிய மீற்றர், ஒழுங்கைக்கு ஒரு வால்வு, ஓட்டை வந்தால் முழு ஊரையும் மூடாமல் அந்த ஒழுங்கையை மட்டும் மூட. மதகடிக் குழாயை வாய்க்காலுக்கு வெளியே எடுத்து ஆழமாகப் போட வேண்டும். பிறகு, உழவு இயந்திரத்தில் பூட்டி இழுக்கிற சின்னக் கழிவுத் தாங்கியும் பம்பும், கொண்டுபோய்க் காயவிட மணலும் சல்லியும் பரவிய ஒரு பாத்தி. இடத்துக்குப் பிரதேச சபையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு இரட்டைக் குழி. ஒன்று நிரம்பினால் மற்றதுக்கு மாற்றிவிட்டு, முதலாவதை இரண்டு வருசம் தொடாமல் விட்டால் மண்ணாகிவிடும். சனத்துக்கு அருவருப்பு, பேச்சு எடுத்தாலே மாதர் சங்கத்தில் சேலைத் தலைப்பு மூக்குக்குப் போகிறது. ஆனால் கேட்கிறார்கள்.

இதில் அப்பாவின் பெயரை எங்கே எழுதுவது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. வால்வு மண்ணுக்குள் கிடக்கும். கழிவுத் தாங்கியில் எழுதினால் நீ கோவிப்பாய், அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அங்கே உள்ள உங்கள் ஊர்ச் சங்கத்து ஆட்களுக்குப் படம் பிடிக்க ஏதாவது வேண்டும் என்பதும் தெரியும். கிளிநொச்சியில் போரில் சரிந்து கிடந்த தண்ணீர்த்தாங்கிக்கு முன்னால் நின்று நாங்கள் எல்லாரும் படம் பிடித்தவர்கள்தானே. நீ பேசிப்பார். ஐப்பசி மழைக்கு முன் மதகடி வேலையாவது முடிய வேண்டும். இப்போதைக்கு நல்ல பொருத்து ஒன்று போட்டு மூடியிருக்கிறோம். இரவில் தாங்கி இரண்டு அங்குலம்தான் இறங்குகிறது. ஆச்சி மட்டும் என்னோடு கதைப்பதில்லை. “தம்பி, உங்களாலதான் என்ர பொன்னாங்காணி போச்சு” என்று ஒருநாள் சொன்னார், அதோடு சரி.

இரவாகிவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் தந்த இரண்டு சின்னப் போத்தல்களில் நேற்றுப் பின்னேரம் தண்ணீர் பிடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஒன்று தாங்கியடி, மற்றது கடைசிக் குழாய், முன்பள்ளியில் இருப்பது. அழுக்குக் கிருமி இருந்தால் கறுக்குமாம். விடியப் பார்த்துவிட்டுக் கடிதத்தை ஒட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பள்ளி வாங்குத் தோழன்.

பி.கு: காலை ஐந்தரை. தாங்கியடிப் போத்தல் தெளிவாக இருக்கிறது. முன்பள்ளிப் போத்தலின் அடியில் கறுத்திருக்கிறது. பிள்ளைகள் எட்டு மணிக்கு வருவார்கள், குழாயைப் பூட்டப் போகிறேன். அலவாங்கையும் கொண்டு போகிறேன். மிச்சம் பிறகு எழுதுகிறேன்.