கைது செய்யப்பட்டாரா, சிக்கினானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு செய்திகள். மேலே, நகைக்கடன் கணக்கில் கைவைத்ததாக ஒரு வங்கி மேலாளர் ‘கைது செய்யப்பட்டார்’. ‘அவரிடம் போலீசார் விசாரித்து வருகின்றனர்’. கீழே, கோயில் உண்டியலை உடைத்ததாக ஒரு கட்டடத் தொழிலாளி ‘சிக்கினான்’. ‘அவனிடம் இருந்து ரூ.1,400 பறிமுதல்’. இரண்டு வழக்கிலும் குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் முதல் செய்தியைப் படித்தால் சட்டையை இன் பண்ணிக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் ஒருவர் கண்ணில் வருகிறார். இரண்டாவதில் அழுக்கு லுங்கியும் பரட்டைத் தலையுமாக ஒருவன் வருகிறான். உடையைப் பற்றி இரண்டு செய்தியிலும் ஒரு வார்த்தை கிடையாது. தொகையைப் பார்த்தால் மேலே இருப்பது லட்சக்கணக்கில்!

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். வேலைக்குப் போன வீட்டில் தோடு காணாமல் போனால் ‘அவள்’. சீட்டுப் பிடித்து ஊரையே ஏமாற்றிவிட்டுத் தலைமறைவானால் ‘அவர்’. வயதும் கணக்கில் வருவதில்லை. 17 வயதுப் பையன் செஸ் போட்டியில் ஜெயித்தால் ‘வென்றார்’; அதே வயதுப் பையன் செல்போனைப் பறித்தால் ‘பறித்தான்’. தமிழில் பெயரை மறைத்து எழுதினாலும் வினைமுற்று விடாது. ஆணா பெண்ணா, மரியாதைக்கு உரிய ஆளா இல்லையா என்று ஏதாவது ஒரு தீர்ப்பைச் சொல்லித்தான் வாக்கியம் முடிகிறது. நீதிமன்றத்துக்கு முன்பே உங்கள் செய்தி மேசை அதைச் சொல்லிவிடுகிறது.

எல்லோருக்கும் ‘அவர்’ போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? பாதி சரியாகும். ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்று ஸ்வீடனில் வெகுகாலம் விவாதம் நடந்து, ‘ஹென்’ என்ற சொல் 2015-ல்தான் அந்நாட்டு அகாடமியின் சொற்பட்டியலில் ஏறியது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை, ‘அவர்’ கையிலேயே இருக்கிறது. ஆனால் படிக்கிறவர் மனதில் அந்த ‘அவர்’ பெரும்பாலும் மீசையோடுதான் வருகிறார்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கண்பார்வை குறைவு. காலையில் நான்தான் பேப்பர் படித்துக் காட்டுவேன். 2024 அக்டோபரில் இலக்கிய நோபல் செய்தி வந்தது. தென் கொரிய எழுத்தாளர் ஹான் காங், 1970-ல் குவாங்ஜு நகரில் பிறந்தவர், அவர் இன்னின்ன நாவல்களை எழுதியிருக்கிறார் என்று படித்துக்கொண்டே போனேன். “பரவால்லியே, மனுஷனுக்கு அம்பத்தஞ்சுகூட ஆகலை” என்றார் பெரியவர். பெண் என்று நான் சொன்னதும், “அதை முதல்லயே போட்டா என்னவாம்?” என்று கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. படத்தைப் பார்க்க முடிகிறவர்களுக்குக் குழப்பம் இல்லை, அவருக்குச் சொற்கள் மட்டும்தானே! இத்தனைக்கும் ஆசியாவிலிருந்து இலக்கிய நோபல் பெற்ற முதல் பெண் என்பதுதான் அங்கே முக்கியமான செய்தி. அது கடைசிப் பத்தியில் கிடந்தது. ஹான் காங் இன்னொரு நாவலாசிரியரின் மகள். அந்த ஒரு சொல்லை முதல் பத்தியில் சேர்த்திருந்தாலே போதும்.

தேவையான இடத்தில் விட்டுவிட்டு, தேவையில்லாத இடத்தில் ஒட்டுவதும் நடக்கிறது. ‘பெண் எஸ்.ஐ.’, ‘பெண் டாக்டர்’ என்று வாரம் தவறாமல் பார்க்கிறேன். ‘ஆண் எஸ்.ஐ.’ என்று எழுதி நான் பார்த்ததில்லை. அப்புறம் வெறும் ‘எஸ்.ஐ.’ என்றால் வாசகர் யாரை நினைப்பார்? ‘மர்ம நபர்’ என்பதும் அப்படித்தான், பிடிபடும் வரை அவர் ஆண்தான். பிடிபட்டவர் பெண்ணாக இருந்துவிட்டால் அதுவே தலைப்புச் செய்தி.

திருடனுக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். நான் மரியாதை கேட்கவில்லை, ஒரே அளவுகோலைத்தான் கேட்கிறேன். மேலாளருக்கு ‘ஆர்’ என்றால் தொழிலாளிக்கும் ‘ஆர்’. இலக்கணத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண விதி அன்று என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. வழக்கு என்றால் அது நம் கையில்தானே இருக்கிறது? திருநர், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினரைக் குறிக்கும் சொற்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையொட்டித் தமிழக அரசு 2022-ல் ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. இது அந்த அளவுக்குப் பெரிய வேலைகூட இல்லை. செய்தி மேசையில் ஒட்டிவைக்க ஒரு பக்கத் தாள் போதும்.

குழந்தைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். காணாமல் போன நான்கு வயதுக் குழந்தையை ‘அவர்’ என்று எழுதினால் படிக்கவே ஒரு மாதிரி இருக்கும், அங்கே ‘அவன்’, ‘அவள்’ இருக்கட்டும். எந்த வயதிலிருந்து ‘அவர்’ என்பதை உங்கள் உதவி ஆசிரியர்கள் பேசி முடிவு செய்யட்டும். எந்த வயதாக இருந்தாலும் சரி, செஸ் ஆடும் பையனுக்கும் செல்போன் பையனுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
மன்னார்குடி.