புகார் எண் வாங்கினாயா, செல்வி?

அன்புள்ள செல்விக்கு,

உன் மெயிலைப் படித்தேன். இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று சொன்ன உடற்பயிற்சி ஆப், ஒரு வருடச் சந்தா என்று 2,999 ரூபாயை உன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது, எக்ஸ் தளத்தில் அந்த நிறுவனத்தைக் குறிப்பிட்டு நாலு பதிவு போட்டும் ஒரு பதிலும் இல்லை, "இந்த நாட்டில் யாரையும் எதுவும் கேட்க முடியாது" என்று முடித்திருந்தாய். கடைசி வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் அம்மா. கேட்கலாம். எங்கே கேட்பது, எத்தனை நாளில் பதில் வரவேண்டும் என்பதெல்லாம் விதியாகவே இருக்கிறது. ஆனால் அந்த நாள் கணக்கு எழுத்தில் புகார் கொடுத்து, எண் வாங்கிய தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். எக்ஸில் நீ போட்டதற்கு அப்படி எண் எதுவும் இல்லை.

முதலில் பணம் எப்படிப் போனது என்று பார். சோதனைக் காலத்துக்குச் சேரும்போது ஒருமுறை யூபிஐ பின் போட்டிருப்பாய். அப்போது போனது ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோதான் என்றாலும், அந்த ஒரே பின்னில் ஆட்டோபே, அதாவது தவணைதோறும் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதியையும் கொடுத்துவிட்டாய். ரிசர்வ் வங்கி விதிப்படி, அனுமதியைப் பதிவு செய்யும்போது கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அதற்குப் பிறகு 15,000 ரூபாய் வரை எடுக்க ஓடிபியோ பின்னோ கேட்க வேண்டியதில்லை. காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் இவற்றுக்கு அந்த வரம்பு ஒரு லட்சம். "என்னைக் கேட்காமலே எடுத்தார்கள்" என்று உனக்குத் தோன்றுவது இதனால்தான்.

கேட்கத் தேவையில்லை என்றாலும் சொல்லாமல் எடுக்கக் கூடாது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தொகை, தேதி, யார் எடுக்கிறார்கள் என்ற விவரத்தோடு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ், மெயில், யூபிஐ ஆப்பின் அறிவிப்புகள் மூன்றிலும் தேடு. விளம்பரச் செய்திகளோடு ஒதுங்கிக் கிடக்கலாம். எங்கேயும் இல்லையென்றால் உன் புகாரில் அதுதான் முதல் வரி.

ஆப்பை அழித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அதுதான். ஆப் போனாலும் அனுமதி வங்கியில் அப்படியே இருக்கும், அடுத்த வருடமும் பணம் போகும். யூபிஐ ஆப்பைத் திறந்து, உன் பெயர் இருக்கும் பக்கத்தில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போ. அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டால் தொடங்கிய தேதி, அதிகபட்சத் தொகை, அந்த அனுமதிக்குரிய யூஎம்என் என்ற நீண்ட எண் எல்லாம் தெரியும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள், பிறகு ரத்து செய். அதிகபட்சத் தொகையைக் கட்டாயம் பார். பல நிறுவனங்கள் 2,999 எடுப்பதற்கு அதைவிடப் பெரிய தொகை வரை அனுமதி வாங்கி வைத்திருக்கும். கூகுள் பிளே வழியாகச் சந்தா கட்டியிருந்தால் ரத்து செய்யும் இடம் பிளே ஸ்டோரின் சந்தாப் பட்டியல். கார்டு என்றால் வங்கியின் நெட்பேங்கிங்கில் தேடு.

வங்கியிடம் "மோசடி நடந்துவிட்டது" என்று மட்டும் எழுதிவிடாதே. பின் போட்டது நீதான். பதிவைப் பார்த்துவிட்டு வங்கி இரண்டே வரியில் நிராகரிக்கும், அந்த நிராகரிப்பைக் காட்டியே நிறுவனமும் தப்பிக்கும். உன் வழக்கு வேறு. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பது, அதைச் சுற்றி வளைத்து நீட்டுவது மட்டுமல்ல, இலவசச் சந்தாவுக்காகக் கட்டண விவரத்தையோ தானியங்கிப் பிடித்தத்துக்கான அனுமதியையோ வற்புறுத்தி வாங்குவதும் அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. உனக்கு நடந்தது வரிக்கு வரி அதுதான். இந்த விதி வந்தபோது செய்திகளில் ஒரு நாள் வந்து மறைந்துபோனது. தினசரி வாழ்க்கைக்கு இவ்வளவு பயன்படுகிற ஒன்றைப் பற்றி இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

புகாரை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயிலாக அனுப்பு. 2020 மின்வணிக விதிகளின்படி அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதினைந்து வரிக்கு மேல் எழுதாதே. சேர்ந்த தேதி, பணம் போன தேதி, தொகை, பரிவர்த்தனையின் 12 இலக்க யூடிஆர் எண், முன்னறிவிப்பு வரவில்லை என்பது, சந்தாப் பொறி என்ற சொல், உனக்கு வேண்டிய தீர்வு. அந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் "நடவடிக்கை எடுத்தோம்" என்று பதில் எழுதி மூடிவிடுவார்கள். "2,999 ரூபாயை இந்தத் தேதிக்குள் அதே கணக்குக்குத் திருப்ப வேண்டும்" என்று எழுது. சாட்டில் பேசினால் பெட்டியை மூடும் முன் படம் எடுத்துக்கொள்.

அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையம், எண் 1915. அவர்கள் நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட முடியாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சின்னத் தொகைகள் அங்கேயே முடிந்துவிட வாய்ப்புண்டு. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் குருகிராமில் இருக்கிறதே என்று கவலைப்படாதே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீ வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போட வழி கொடுத்திருக்கிறது. நீ புனேயிலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் இருந்த இடத்திலேயே பதிவு செய்யலாம். கெடு இரண்டு வருடம். மூவாயிரம் ரூபாய்க்கு இவ்வளவா என்று உனக்குத் தோன்றும். லட்சம் பேர் அப்படி நினைத்து விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொகையையே நிர்ணயிக்கிறார்கள்.

உன் அறைத் தோழிக்கு நடந்தது முற்றிலும் வேறு. இணையத்தில் தேடிக் கிடைத்த போலி வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன ஆப்பை நிறுவி, திரையைப் பகிர்ந்திருக்கிறாள். இதில் மணிக்கணக்கு கூட இல்லை, நிமிடக் கணக்கு. கூப்பிட வேண்டியது 1930, இணைய மோசடிக்கான உதவி எண். போன பணம் ஒரே இடத்தில் நிற்காது, கணக்கு விட்டுக் கணக்கு தாண்டிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் அது எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே முடக்கி வைக்கச் சொல்வதுதான் 1930-இன் வேலை. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் முடக்க ஒன்றும் இருக்காது. யூடிஆர் எண், நேரம், தொகை, எந்த யூபிஐ முகவரிக்குப் போனது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். காவல் நிலையத்தில் "எங்கள் எல்லை இல்லை" என்று சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவைச் சொல்லலாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும்.

அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்கட்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதியைப் பலர் பாதி மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் மேல் தவறில்லாமல் மூன்றாம் ஆள் புகுந்து எடுத்த பணம் என்றால், பணம் போனதாக வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு பூஜ்யம். நாலிலிருந்து ஏழு வேலை நாள் வரை என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் நம் பங்கு. ஆனால் பின்னையோ ஓடிபியையோ நாமே கொடுத்திருந்தால் புகார் சொல்லும் வரைக்கும் போனது நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். உன் தோழிக்கு முழுப் பணமும் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். என்றாலும் சொன்ன நேரம் பதிவாகியிருந்தால் அடுத்த பிடித்தம் அவள் தலையில் விழாது. அந்த சாட் உரையாடலையும் அழைப்புப் பட்டியலையும் அவமானத்தில் அழித்துவிடாமல் பார்த்துக்கொள். "பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வரும் அழைப்பு இரண்டாவது மோசடி, அதையும் சொல்லிவை.

மோசடியே இல்லாமல் நடுவில் சிக்கும் பணத்துக்குத் தனி விதி, 2019 செப்டம்பரில் வந்தது. யூபிஐயில் ஓர் ஆளுக்கு அனுப்பி உன் கணக்கில் கழிந்து அவருக்குச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதோ, ஏடிஎம்மில் வராத பணமோ என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீ கேட்காமலே வங்கி போட வேண்டும். கேட்காமல் எங்கே போடுகிறார்கள்! கேள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் இலவசமாகப் பதியலாம். வங்கிக்கு முதலில் எழுத்தில் கொடுக்காமல் நேராக அங்கே போனாலும், பதிலும் வராமல் 30 நாளும் முடியாமல் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது கணக்கில் சேராது.

சஞ்சார் சாத்தி என்ற அரசின் தொலைத்தொடர்புச் சேவை பற்றிக் கேட்டிருந்தாய். தொலைந்த போனை முடக்குவது, நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்ப்பது இரண்டும் நல்ல சேவைகள். நம் பெயரில் யாரோ சிம் வாங்கியிருந்தால் "இது என் எண் இல்லை" என்று அதிலேயே சொல்லலாம். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் எல்லாப் புதுப் போனிலும் அதை முன்கூட்டியே நிறுவியாக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது தவறு. எதிர்ப்பு வந்து டிசம்பர் 3 அன்று கட்டாயத்தை விலக்கிக்கொண்டது சரி. நல்ல சேவையை மக்கள் விரும்பித் தேடி வருவார்கள். திணித்தால் சந்தேகம்தான் வரும். தளத்துக்குப் போனாலே வேலை முடிந்துவிடும், ஆப் கூட வேண்டாம்.

பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மூன்று விஷயம் சொல். பணம் வாங்க யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்றே 1600-இல் தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள், சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து "வங்கி பேசுகிறது" என்றால் வைத்துவிடலாம். வீடியோவில் காக்கிச் சட்டையோடு வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினாலும் அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. நான் சொன்னால் கேட்டுக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். பேத்தி சொன்னால் நிற்கும்.

இன்று இரவே அந்த மெயிலை அனுப்பிவிடு. புகார் எண் வந்ததும் எனக்கும் ஒரு வரி போடு, ஒரு மாதம் என்றைக்கு முடிகிறது என்று நானும் காலண்டரில் குறித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா