அந்தப் பொட்டிய இப்போதைக்கு ஒண்ணும் பண்ணாத

கண்ணா,

நீ அனுப்புன போட்டோ எல்லாத்தையும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டேன். காசு போட்டு ஆடுற பழைய மிஷின் ஒண்ணு வேணும்னு எத்தன வருஷமா சொல்லிட்டிருந்த, சந்தோஷம்தான், ஆனா உப்புத்தாளும் வார்னிஷும் வாங்கி ரெடியா வச்சிருக்கேன்னு எழுதியிருந்த பாரு, அங்கதான் எனக்கு பக்குன்னுச்சு. அந்த ரெண்டையும் முதல்ல கண்ணுல படாத எடத்துல வை. இது என்ன மிஷின், எந்தக் காலத்துதுன்னு தெரியாம ஒரு கீறல்கூட போடாத.

வித்தவர் இது 1950 பின்பால்னு, அதாவது சாஞ்ச பலகைல பந்த உருள விட்டு ஆடுற மிஷின்னு, சொன்னாராம்ல? எனக்கு நம்பிக்கை இல்ல. பந்தத் தட்டி மேல ஏத்துற ஃபிளிப்பர் எங்கயுமே தெரியல, அது வந்ததே 1947ல காட்லீப் கம்பெனியோட ஹம்ப்டி டம்ப்டிலதான், அதுக்கப்புறம் மத்தவங்களும் மளமளன்னு சேத்துக்கிட்டாங்க. பந்து மோதுனா பாயிண்ட் ஏறுற ஸ்பிரிங் பம்பரும் இல்ல, அது பேலி கம்பெனி 1936 கடைசில கொண்டாந்தது. அடிப்பலகைய மெதுவா தூக்கிப் பாரு, ஒயர், காயில், பேட்டரி வைக்கிற எடம்னு ஏதாச்சும் இருக்கான்னு. 1933ல ஹாரி வில்லியம்ஸோட காண்டாக்ட் மிஷின் வந்தப்பதான் கரண்ட் உள்ள நுழைஞ்சுது, அதுவும் சுவத்து பிளக் இல்ல, டிரை செல் பேட்டரி. உன்னுதுல ஒண்ணுமே இல்லாம வெறும் ஆணியும் குழியும் ஸ்பிரிங்கும்தான்னா 1930களோட ஆரம்பம்னு நினைக்கிறேன். ஆனா இல்லாதத மட்டும் வச்சு வருஷத்த முடிவு கட்டிடக் கூடாது, மலிவு மாடல்ல பழைய மாதிரியே ரொம்ப நாள் செஞ்சிட்டிருப்பாங்க.

கால் இல்லாம மேஜை மேல வைக்கிற சைஸா இருக்கறதால பாஃபிள் பாலா இருக்குமோன்னு கேட்டிருந்த. இருக்கலாம், 1931ல காட்லீப் போட்டது, ஐம்பதாயிரம் கிட்ட வித்துச்சு. அத வாங்கி வித்திட்டிருந்த ரேமண்ட் மலோனிக்கு கேட்ட அளவு சரக்கு கிடைக்கல, தானே ஒண்ணு செஞ்சு பேலிஹூன்னு இறக்கினார், அந்தப் பேர்லேர்ந்துதான் பேலி கம்பெனியே வந்துச்சு. பாத்துப் பாத்து செஞ்சவங்க இன்னும் எத்தனையோ பேர், அதனால ஒரே ஜாடையா இருக்குன்னு பேர் வச்சிடாத. பேட்டண்ட் தேதி கண்ணுல பட்டாலும் அதுவே மிஷினோட வயசு இல்ல, அதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாதுங்கற வரைக்கும்தான் அது சொல்லும். ஸ்பிரிங்க இழுத்து விட்டு பந்தத் தள்ளுற சமாச்சாரத்துக்கே மான்டேக் ரெட்கிரேவ் 1871ல பேட்டண்ட் வாங்கியாச்சு!

நான் பெருசா நம்பறது ஸ்க்ரூவையும் காசு ஓட்டையையும்தான். தலைல கூட்டல் குறி மாதிரி வெட்டு இருக்கற ஸ்டார் ஸ்க்ரூ 1930களோட நடுவுலதான் வந்துச்சு, அதனால உள்ள எங்கயாவது ஸ்டார் தலை தெரிஞ்சா ஒண்ணு மிஷின் அதுக்கப்புறம் வந்தது, இல்ல வேற யாரோ கை வச்சிருக்காங்க. காசு ஓட்டை 19 மில்லிமீட்டர் காசுக்குன்னா அமெரிக்க ஒரு சென்ட், 21னா அஞ்சு சென்ட், 31 கிட்டன்னா இங்கிலாந்தோட பழைய பென்னி. இங்கிலாந்துல 1971ல காசையே மாத்துனப்ப நிறைய மிஷின்ல அந்த ஓட்டையையும் மாத்திட்டாங்க, அதனால சுத்தி வெட்டுன தடம், பழைய ஸ்க்ரூ ஓட்டை இருக்கான்னு பாரு.

சுத்தம் பண்றதுக்கு வர்றேன். முதல்ல கண்ணாடிய கழட்டி தனியா வை, அந்தக் காலத்துக் கண்ணாடி ஒடஞ்சா கத்தி மாதிரி பெரிய பெரிய சில்லா போகும். மரத்துல என்ன பூசியிருக்குன்னு மறைவான எடத்துல ஒரு சொட்டு ஸ்பிரிட் வச்சுப் பாரு, பிசுபிசுன்னு இளகுச்சுன்னா அரக்கு பாலிஷ், அத சுரண்டவே வேணாம், அதே அரக்க மேல லேசா பூசினா பழசோட கலந்துக்கும். ஆடுற பலகைல தண்ணி படவே கூடாது, மரம் உப்பி பெயிண்ட் தூக்கிடும். லைட்டர்ல ஊத்தற நாப்தாவ பருத்தித் துணில தொட்டு, அதையும் ஓரத்துல சோதிச்சிட்டு, ஜன்னல திறந்து வச்சு, பக்கத்துல நெருப்பு இல்லாம பண்ணு. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், உப்புத்தாள் போட்டா அந்தத் தூள் உன் நெஞ்சுக்குள்ளதான் போகும். நிறம் போன எடம் போனதாவே இருக்கட்டும், பந்து ஓடி ஓடி தேஞ்ச தடம் அது, அதுக்குப் புது பெயிண்ட் அடிக்கறது எனக்குப் பிடிக்காது. உங்கப்பா பளபளன்னு இருந்தாதான் அழகுன்னு சொல்றார், அவர் பேச்ச இதுல மட்டும் கேக்காத.

வளைஞ்ச ஆணிய உடனே நிமித்தாத, சிலது ஆட்டத்துக்காகவே வளச்சு வச்சதா இருக்கும், ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு செய். காசு போற வழில எண்ணெய் விடாத, தூசி புடிச்சு பசையாயிடும், உலர் பிரஷ், வேணும்னா கொஞ்சம் கிராஃபைட் தூள், போதும். ஸ்பிரிங் மாத்தினா பழசத் தூக்கிப் போடாம ஒரு கவர்ல எழுதிப் போட்டு பொட்டிக்குள்ளயே வை.

இப்ப எனக்கு வேண்டியது அடிப்பலகை போட்டோ, காசு ஓட்டையோட அளவு, ஸ்க்ரூ தலை நாலஞ்சு கிட்டப் போட்டோ. ஞாயித்துக்கிழம அனுப்பு, பாத்துட்டு கூப்புடறேன்.

அம்மா