பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனை லேபில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது 69. என் வயதுப் பெண்கள் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு 74. போன ஐப்பசியில் காய்ச்சலில் படுத்து, எழுந்த இரண்டாவது வாரம், எங்கள் பகுதியில் நடந்த ஒரு முகாமில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். தைராய்டு சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 6.4 என்று, எல்லையைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தது. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் சரியாகவே இருந்தது. ரிப்போர்ட் வந்த அன்றே 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதி, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது வாரம் ராத்திரியெல்லாம் படபடப்பு. அக்கா தூங்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேறு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "இதுக்கு முன்னாடி எவ்வளவும்மா இருந்துச்சு?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். இரண்டு வருடத்துக்கு முந்தைய சீட்டு பீரோவில் இருந்தது: 3.1. மாத்திரையை அவரே நிறுத்தி, இரண்டு மாதம் கழித்துப் பார்க்கச் சொன்னார். 3.4 வந்தது.

டி.எஸ்.எச். ஒரே நிலையில் நிற்பதில்லை. ராத்திரியில் ஏறும், பிற்பகலில் இறங்கும், நோயிலிருந்து தேறும்போது சில வாரம் கூடி நிற்கும். வயதானவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பதும் சகஜம். 2017-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேர் இருந்தார்கள். மூன்று மாதமாவது இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து, இரண்டிலும் கூடுதலாக இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அவர்களுக்கே மாத்திரையால் அசதி குறையவில்லை. அப்படியிருக்க, காய்ச்சல் விட்ட கையோடு ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்துக்கு ஆயுள் முழுக்க மாத்திரையா?

சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இதற்கு நேர்மாறு. சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அது வருடக் கணக்கில் பெரிதாக அசையாது. அசைந்தால்தான் கவலை. பக்கத்து வீட்டு அம்மா, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மூட்டுவலி மாத்திரையைத் தினமும் போடுகிறவர். அவருக்கு 0.6 ஆக இருந்தது இரண்டு வருடத்தில் 1.0 ஆகிவிட்டது. இரண்டுமே அச்சடித்த எல்லைக்குள் இருந்ததால், 'எல்லாம் நார்மல்' என்று நிம்மதியாக இருந்தார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. பழைய அளவுகள் லேப் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. கடைசி மூன்று முறை வந்த அளவையும், ரத்தம் எடுத்த நேரத்தையும் புதிய அளவுக்குப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர்கள், வயதான பெண்களின் ரத்தப் பரிசோதனை அளவுகளையும் தேதி போட்டு ஒரே நோட்டில் எழுதிவைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் தெருவுக்கு அந்த நோட்டை நானே போட்டுத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பனர்,
கும்பகோணம்.