ஃப்ளூ ஊசி முகாமை மழைக்கு முன்னால் நடத்துங்கள்

பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் இருக்கும் தமிழர்களுக்கு,

வணக்கம். முகாம்களில் ஊசி போடும் செவிலியர்களும் மருந்தைப் பாதுகாத்து வழங்கும் மருந்தாளுநர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று பல இடங்களில் கிளப் ஹவுஸிலேயே ஃப்ளூ ஊசிக்கு ஏற்பாடு செய்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அதை நவம்பரிலும் டிசம்பரிலும் வைக்கிறீர்கள். தயவுசெய்து ஏப்ரல், மே மாதங்களுக்கு மாற்றுங்கள்.

நவம்பர் ஊசி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பொருந்தும். அங்கே ஃப்ளூ குளிர்கால நோய். நம் நாட்டிலும் ஸ்ரீநகர் போன்ற ஊர்களுக்கு அது சரி. பெங்களூரில் ஃப்ளூ பெரிதாகப் பரவுவது மழை மாதங்களில். ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு ஏற்றமும் உண்டு. ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பிறகு மாதம் போகப் போக அது குறையும். டிசம்பரில் போட்டுக்கொண்ட தாத்தாவுக்கு ஆகஸ்டில் அந்தப் பாதுகாப்பு பெரும்பகுதி தேய்ந்திருக்கும். இந்த வருடம் தவறவிட்டவர்கள் டிசம்பரில் போடுவதில் தவறில்லை. ஆனால் ஆண்டுதோறும் நடத்தும் முகாமின் மாதம் அதுவாக இருக்கக் கூடாது.

மாதத்தோடு மருந்தும் மாறும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை ஊசியின் கூறுகளை, அதாவது அதில் சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளைப் பரிந்துரைக்கிறது: பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. ஏப்ரல் முகாமுக்கு அந்த ஆண்டின் தென் அரைக்கோள மருந்தைக் கேளுங்கள். நாம் வட அரைக்கோளத்தில் இருக்கிறோமே என்று குழம்ப வேண்டாம்; பார்க்க வேண்டியது, அந்த நேரத்தில் விற்பனைக்கு வந்திருக்கும் மருந்துகளில் எது மிக அண்மைய பரிந்துரைப்படி செய்தது என்பதை. பெட்டியின் மேல் அரைக்கோளமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். காலாவதி தேதி தாண்டவில்லை என்பதற்காகப் போன பருவத்துச் சரக்கை ஏற்காதீர்கள். மூன்று கூறா, நான்கு கூறா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான்காவது கூறு பி வகை ஃப்ளூ வைரஸின் யமகாட்டா கிளைக்கானது; அந்தக் கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் பரவியதாக உறுதிப்படவில்லை. மூன்று கூறு ஊசி போதும்.

அடுத்தது குளிர்ச்சி. மருந்து வீணாவது பெரும்பாலும் வெயிலால் என்று எண்ணுகிறோம். உறைவதும் அதே அளவு கெடுதல். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து ஒரு முறை உறைந்துவிட்டால் குப்பைதான். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்துப் பெட்டியோடு ஒட்டி வைக்கும்போது இது நடக்கிறது. ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகே கூல் பாக்ஸில் அடுக்க வேண்டும். இடையில் அட்டை, உள்ளே ஒரு டிஜிட்டல் வெப்பமானி. மருந்து வந்து இறங்கியதும் உங்கள் குழுவில் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வீடு ஆப்பில் மருந்து வரவழைத்து, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்து, முகாமுக்குக் கையில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அந்தப் பை எவ்வளவு நேரம் நின்றது என்று யாருக்குத் தெரியும்?

ஊசி போடும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் போட வேண்டும். கழுத்துப் பட்டியைக் கீழே இழுத்துத் தோளைக் காட்டுவார்கள். அப்படிப் போட்டால் ஊசி மேலே ஏறி மூட்டில் இறங்கலாம், தோள் வலி மாதக்கணக்கில் நிற்கலாம். சட்டைக் கையை முழுதாக மடக்கச் சொல்லுங்கள். பெண்கள் தயங்காமல் இருக்க ஒரு திரை கட்டுங்கள். தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையில், 0.5 மி.லி. கைக்குழந்தைக்குத் தொடையில். ஒரு சிரிஞ்சு ஒருவருக்கு மட்டும். பாதியை ஒரு குழந்தைக்கும் மீதியை இன்னொன்றுக்கும் பிரிப்பது கூடவே கூடாது.

முட்டை ஒவ்வாமை இருப்பவரைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவருக்குப் போடக் கூடாது. ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லியன் பாரே என்ற, கை கால்களைத் தளரவைக்கும் நரம்பு நோய் வந்தவர் முதலில் தம் மருத்துவரைப் பார்க்கட்டும். நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மெல்லிய ஊசி. பிறகு தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போடலாம், கட்டாயம் அழையுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஊசி கிடையாது. தாய் போட்டுக்கொண்டதுதான் அந்தக் குழந்தைக்குக் காவல்.

குழந்தைகள் விஷயத்தில் பெரும்பாலான முகாம்கள் தவறுகின்றன. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை, முதன்முறை போடுபவருக்கு இரண்டு தவணை வேண்டும். ஒரே நாள் முகாமில் ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டால் வேலை பாதியில் நிற்கும். லீவுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்று, பள்ளி திறக்கும் வாரத்தில் ஒன்று என்று இரண்டு நாள் குறித்துவிடுங்கள். இடைவெளி நான்கு வாரத்துக்குக் குறையக் கூடாது. கூடினால் கெடுதல் இல்லை.

போட்ட பிறகு 15 நிமிடம் எல்லோரும் உட்கார வேண்டும். ஊசியைக் கண்டு மயங்கி விழுபவரைப் படுக்க வைத்தால் தெளிந்துவிடுவார். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு என்றால் வேறு கதை: தாமதிக்காமல் தொடைத் தசையில் அட்ரினலின், பெரியவருக்கு 0.5 மி.லி. அந்த மருந்து மேசைமேல் இல்லாவிட்டால், ஊசி போட வந்திருக்கும் மருத்துவமனை எவ்வளவு பெரியதானாலும், முகாமைத் தொடங்க விடாதீர்கள். பயன்படுத்திய ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் மருத்துவமனை ஆட்களோடே திரும்பிப் போக வேண்டும். உங்கள் குப்பையில் ஒன்று விழுந்தாலும், குப்பையைக் கையால் பிரிக்கும் பௌரகார்மிகர், அதாவது துப்புரவுப் பணியாளர் விரலில்தான் குத்தும்.

ஃப்ளூ ஊசி சாதாரண சளியைத் தடுக்காது, நன்கு பொருந்தும் ஆண்டிலும் ஃப்ளூவை 40 முதல் 60 விழுக்காடுதான் குறைக்கும் என்பதை நோட்டீசிலேயே எழுதிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் அடுத்த வருடமும் வருவார்கள்.

கடைசியாக, எங்களை மிகவும் உறுத்தும் ஒன்று. முகாமின் பட்டியலில் ஃப்ளாட் எண் இருப்பவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். உங்கள் முதியோரைக் குளிப்பாட்டும் அக்கா, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் ஆயாம்மா, லிஃப்டில் எல்லோரோடும் ஏறி இறங்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, இவர்கள் பெயர் இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். ஊசி விலை அவர்களுக்குப் பல நாள் கூலி. மெயின்டனன்ஸ் பணத்திலிருந்து அதைக் கொடுங்கள். ஞாயிறு காலை பத்து மணி அவர்கள் உங்கள் சமையலறையில் நிற்கும் நேரம். அவர்களுக்கு வேலைநாளில் மதியம் இரண்டு முதல் நான்கு வரை வையுங்கள். செக்யூரிட்டிக்கு ஷிஃப்ட் மாறும் வேளை. படிவம் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தியில் இருக்கட்டும். மறுநாள் கை வலித்தோ காய்ச்சலடித்தோ வராதவருக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்.

மருத்துவமனையோடு பேசி மருந்துக்குச் சொல்லிவைக்க ஒரு மாதமாவது பிடிக்கும். பிப்ரவரி கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
தடுப்பூசிப் பணியில் உள்ள செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்
பெங்களூரு